கீழ் வீட்டில் வாங்கிய உறை

"1996 ஜூலை 14, ஞாயிறு. உறை இல்லை. மாலை 5.20, கீழ் வீட்டில் வாங்கினேன். காற்று இல்லை."

என் நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை. இவற்றில் "உறை இல்லை" என்பது பொய். அன்று காலை என் ஃப்ரிட்ஜில் அரைக் கிண்ணம் தயிர் இருந்தது. வில்லை போடலாம் என்ற அளவுக்குக் கெட்டியாக, நன்றாக உறைந்த தயிர். அதை மொட்டைமாடிக் கறிவேப்பிலைத் தொட்டியில் நானே ஊற்றிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

நாட்குறிப்பில் பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. மழை தொடங்கிய நேரத்தைக்கூடச் சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் எழுதுவேன். அதனால் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பின்னால் யாராவது படித்தால் குழப்பம் வரக்கூடாது என்று அப்போது நினைத்திருக்க வேண்டும். படிப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். வேலை நந்தனத்தில், ஒரு அலுவலகத்தில். 1995 ஜூலையில் அம்மா இறந்தாள். அதுவரை தயிர் என்பது தினமும் தானாகவே வீட்டில் இருக்கும் ஒரு பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பும் முன்பு சமையலறையைக் கழுவித் துடைத்து, பாத்திரங்களை எல்லாம் காலி செய்துவிட்டுப் போனார்கள். தயிர்ச் சட்டியும் அதில் சேர்த்தி. மறுநாள் பாலைக் காய்ச்சி ஆறவைத்த பிறகுதான் ஊற்றுவதற்கு உறை இல்லை என்று தெரிந்தது. கீழ் வீட்டு மாமியிடம் போய் நின்றேன். அதுதான் முதல் முறை.

ஒரே ஒரு ஆளுக்குத் தயிர் தோய்ப்பது சிரமம். அரை டம்ளர் பால் சீக்கிரம் ஆறிவிடும். டிசம்பரில் துணி சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தாலும் காலையில் பாலாகவே இருக்கும். மே மாதத்தில் நான்கு மணி நேரத்தில் புளித்துவிடும். நாளெல்லாம் ஆபீஸில் இருக்கிறவள் எந்த நேரத்தில் எடுத்து உள்ளே வைப்பது? வாரத்துக்கு ஒரு முறையாவது உறை கெட்டுப்போனது. எத்தனை சூட்டில் ஊற்றினேன், எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதால் தயிர் திருந்தவில்லை.

மாமியிடம் உறை வாங்குவதற்கு விதிகள் உண்டு. விளக்கு வைத்த பிறகு தரமாட்டாள். வெள்ளிக்கிழமை எந்த நேரமும் தரமாட்டாள். நான் ஆபீஸ் விட்டு வீடு சேர ஆறே முக்கால் ஆகும். அதற்குள் அவள் வீட்டில் விளக்கு எரியும். ஆக, சனி ஞாயிறுதான். ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் தருவாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பதால் மறுநாள் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு ஸ்பூன் உறைக்கு இரண்டு முறை கீழே போகலாம். அந்த ஐந்தைந்து நிமிடங்களைத் தவிர, அந்த வருடங்களில் என்னை "உள்ள வா" என்று யாரும் கூப்பிட்டதாகக் குறிப்பில் இல்லை.

"என்னடீ, மறுபடியும் போச்சா? உன் பால் என்ன, ஆபீஸ் ஃபைலா? வெச்ச எடத்துலயே அப்படியே இருக்கே!"

"ராத்திரி முழுக்க வச்சேன் மாமி."

"வெச்சே, சரி. அரை மணிக்கு ஒரு தரம் தெறந்து பாத்திருப்பே. அதுக்குக் கூச்சமா இருக்காதா?"

பார்த்திருக்கிறேன் என்பது உண்மைதான். கூடத்தில் மாமா டிவியின் எதிரில் உட்கார்ந்திருப்பார். கேபிள் வந்த பிறகு அவர் திரும்பிப் பார்த்து நான் அறியேன். "அவரோட பேசணும்னா நானும் அந்தப் பொட்டிக்குள்ள போய் நின்னாத்தான் உண்டு" என்று மாமி அவர் காதில் விழும்படியே சொல்வாள். அவர் சத்தத்தை ஒரு படி கூட்டுவார்.

1996 ஜூன் 8, சனிக்கிழமை, ஃப்ரிட்ஜ் வாங்கினேன். உறையைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து உள்ளே வைத்துவிட்டால் வாரக்கணக்கில் இருந்தது. தயிர் தப்பாமல் தோய்ந்தது. மூன்று சனி, மூன்று ஞாயிறு கீழே போக வேண்டிய வேலையே வரவில்லை. ஞாயிறு மாலைகளில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தேன். கீழே டிவி ஓடும் சத்தம் கேட்கும். ஒன்பது மணிக்குத் தயிர் சாதம் சாப்பிடுவேன், கெட்டித் தயிர், ஊறுகாய். எந்தக் குறையும் இல்லை. திங்கட்கிழமை ஆபீஸில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

நான்காவது வாரம் மாடிப்படியில் மாமி மறித்தாள்.

"என்ன, மாடில உறை சாகறதே இல்லையா இப்பல்லாம்?"

"ஃப்ரிட்ஜ் வாங்கிட்டேன் மாமி."

"ஓஹோ. பெரிய மனுஷி ஆயிட்டே." சிரித்தாள். பிறகு, கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லதுதான்" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பகலில் அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் ஜூலை 14. கறிவேப்பிலைத் தொட்டி.

"கரண்ட் போயிடுச்சு மாமி. எல்லாம் புளிச்சிடுச்சு."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மின் இணைப்புப் பெட்டிதான். மேலே போனால் கீழேயும் போயிருக்க வேண்டும். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளே மாமாவின் டிவி அலறிக்கொண்டிருந்தது. மாமி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள்.

"மிஷினை நம்பினா இப்படித்தான். உள்ள வா" என்று கிண்ணத்தை எடுக்கப் போனாள்.

அதன் பிறகு இரண்டு வருடத்தில் பென்சில் புள்ளி இருபத்து மூன்று. கறிவேப்பிலைச் செடி ஆள் உயரம் வளர்ந்தது. இன்னொன்றையும் எழுத வேண்டும். உறையே இல்லாவிட்டாலும், வெதுவெதுப்பான பாலில் காம்போடு நான்கு காய்ந்த மிளகாயைப் போட்டுவைத்தால் தயிர் தோயும். நானே இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை நன்றாகவே வந்தது. முப்பது வருடம் சமையல் செய்த மாமிக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஒரு முறைகூட அவள் அதை எனக்குச் சொன்னதில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

1998 ஜூனில் அவர்கள் அடையாறில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனார்கள். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. உறை கேட்க ஆள் இல்லாத அந்த மூன்று மாதமும் என் தயிர் ஒரு நாள்கூடக் கெடவில்லை. குறிப்பில் தினமும் ஒரே வரி: "தயிர் சரி." அதைப் படித்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

செப்டம்பரில் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் வந்தது. மேஜையைச் சுற்றி நாலு பேர்.

"ஏண்டீ, இங்க கடைத் தயிரை வெச்சுத் தோய்ச்சா நூல் நூலா வரது. வாய்ல வெக்க முடியலை. உன்கிட்ட இருக்கறது நம்மாத்து உறைதானே? ஒரு ஸ்பூன் எடுத்துண்டு வா. விளக்கு வெக்கறதுக்கு முன்னாடி வரணும்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன் மாமி" என்றேன். என்ன விஷயம் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். உறை மோர் என்றேன். அவர் சிரித்தார்.

செப்டம்பர் 20, ஞாயிறு. மாமியின் கிண்ணம் என்னிடமே தங்கியிருந்தது. அதில் உறையை எடுத்து, மூடி, துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஆற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது மாடி. மணி 3.50. கதவைத் திறந்த மாமி இளைத்திருந்தாள். மாமா டிவியின் எதிரில் இருந்தார், டிவி புதியது.

"வேர்த்துக் கொட்டறதே, உக்காரு" என்றவள் உள்ளே போய், கையோடு ஒரு பெரிய டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாள். பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி. நல்ல கெட்டித் தயிரில் கடைந்த மோர். ஒரு வாய் குடித்த பிறகுதான் என் மடியில் இருந்த கிண்ணம் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்தேன். மாமியும் அந்த டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பக்கத்தாத்து மோர்" என்றாள் சட்டென்று. "எங்காத்துல ஏது?"

"ஆமா மாமி. உங்களுக்குத்தான் நூல் நூலா வருதே" என்றேன்.

"என்ன கேலியா? குடி, குடி."

முழுவதும் குடித்தேன். ஆறு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது கிண்ணத்தைக் கழுவி, சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அது அவளுடைய கிண்ணம்; கொடுத்து அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்துடு" என்றாள்.

அன்று எழுதிய குறிப்பில், பக்கத்து ஃபிளாட்டின் கதவில் பூட்டு தொங்கியது என்று இருக்கிறது. எத்தனை நாளாகத் தொங்கியது என்று நான் விசாரிக்கவில்லை; பிறகு போன ஞாயிறுகளிலும் விசாரிக்கவில்லை. அந்த மோர் யார் வீட்டுத் தயிரில் கடைந்தது என்பது உறுதிசெய்யப்படாத தகவல். "பக்கத்து வீட்டு மோர்" என்று எழுதிய வரியின் ஓரத்தில் புள்ளி எதுவும் வைக்கவில்லை.