மூன்று படங்களில் ஒரே ஆள்

நாலு மாதமாக நான் விளக்குக் கொளுத்திக் கும்பிட்டு வந்தது, இந்த உலகத்தில் பிறந்தேயிராத ஒரு மனிதரை. இதை ஒப்புக்கொள்ளாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

அப்பாவின் மங்கிய படமொன்றைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கினேன். ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கதைத்த தங்கச்சிதான் கேட்டாள்.

"அண்ணா, பின்னால சுவரில ஆர் அது?"

"அப்பாவடி."

"அப்பாவுக்கு எந்தக் காலத்தில இவ்வளவு பல்லு இருந்தது?"

திரும்பிப் பார்த்தேன். பல் மட்டுமல்ல, அம்மைத் தழும்புகளையும் காணவில்லை. கீறல் நீக்கும் வசதி நெற்றித் திருநீற்றையும் மூன்று கீறல்களாகக் கணக்கிட்டுத் துடைத்திருந்தது. அரைநூற்றாண்டு ஒரு நாளும் வெறும் நெற்றியோடு வெளியே இறங்காத மனிதர்.

நான் படம் பெருப்பித்த செய்தி எங்கள் ஊர் உடையார்கட்டில் பரவியது. பல்லின் கதை பரவவில்லை. அதனால்தான் அடுத்த ஒழுங்கை அக்கா ஒரு பின்னேரம், பொலித்தீன் உறையொன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்து கதிரை நுனியில் இருந்தா.

"தம்பி, அப்பாவை உயிரோட வந்த மாதிரி எடுத்தனியளாம். எங்கட இவரையும் ஒருக்கால் எடுத்துத் தாங்கோவன்."

அவவின் கணவர் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்தவர். அப்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் பானை சட்டி, சைக்கிள் எல்லாம் போக, அந்த உறைக்குள் குடும்ப அட்டையோடு மிஞ்சியவை மூன்று படங்கள். ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்தது, கன்னத்தில் ரப்பர் முத்திரையின் ஓரம் விழுந்திருந்தது. இரண்டாவது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில், நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமுமாக நின்றது. மூன்றாவது யாரோ ஒருவரின் கலியாணத்தில், கடைசி வரிசையில் தட்டு ஏந்திக்கொண்டு. அதில் முகம் ஒரு பருப்பளவு.

"வாற மாசம் மகளுக்குக் கலியாணம். தேப்பனைக் கும்பிட்டிட்டுத்தானே வெளிக்கிட வேணும். பிள்ளைக்கு முகம் ஞாபகமில்லை. மூண்டையும் ஒரே அளவில, ஒரே சட்டத்துக்குள்ள வேணுமாம். ஒண்டில பாத்தால் நம்பிக்கை வராதாம். மூண்டிலயும் பாத்தால்தான் ஆள் பிடிபடுமாம்."

ஓம் என்று சொன்னேன். அப்பாவின் பல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதற்குக் கோழைத்தனம் என்று ஏற்கெனவே நல்ல சொல் இருப்பதால் புதிதாக ஒன்று தேடவில்லை.

முதல் நாள் மூன்று படங்களையும் கைப்போனில் எடுத்து மென்பொருளுக்குள் அனுப்பினேன். மூன்று ஆண்கள் வந்தார்கள். முத்திரையின் ஓரம் குறுந்தாடியாகியிருந்தது. பொங்கலுக்குப் போனவர் திருநீறு இழந்து, பத்து வயது குறைந்து வந்தார். பருப்பளவு முகக்காரர் எந்தத் தயாரிப்பாளரும் உடனே ஒப்பந்தம் செய்யக்கூடிய கதாநாயகர். மூவரும் பேரழகர்கள். மூவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தா. ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"நான் மூண்டு பேரைக் கட்டேல்லைத் தம்பி."

அப்போதுதான் அப்பாவின் கதையைச் சொன்னேன். அவவுக்குச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்ப எங்கட பிள்ளையும் ஆரோ ஒருத்தனைக் கும்பிட்டிட்டுத்தான் போகப்போறாளோ?" என்றா. என் கணினி முன்னால் அப்படியொரு கேள்வி அதுவரை எழுந்ததில்லை.

மறுநாள் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினேன். எந்தப் படத்துக்கு மென்பொருளின் எந்த அளவை எந்த எண்ணில் வைத்தேன், என்ன வந்தது என்று எழுதத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பரிசோதனையை நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதியவனுக்கு ஐம்பது வயதில் இந்தத் தண்டனை. முதலில் பிடிபட்டது, குற்றவாளி எனது போன் என்பது. மென்பொருளிடம் போக முன்னரே அது தன் பங்குக்கு முகத்தில் பவுடர் பூசி அனுப்பியிருக்கிறது, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒவ்வொரு விதமாக. மூன்றையும் போட்டோக்கொப்பிக் கடையில் ஒரே ஸ்கானரில், ஒரே அளவில் எடுப்பித்தேன். அடுத்தது, அதே படத்தை அதே எண்களோடு கொடுத்தாலும் இன்னொருவர் வருகிறார். ஒவ்வொரு தடவையும் மென்பொருள் உள்ளே சீட்டுக் குலுக்குகிறது. அந்தக் குலுக்கலுக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது, அதைப் பூட்டி வைக்கலாம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது.

அக்காவின் கணவரை நான் கண்டதில்லை. எந்த எண்ணில் பொய் தொடங்குகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் மனைவிதான் வழி சொன்னாள். "உங்கட மங்கல் படமொண்டைப் போட்டுப் பாருங்கோ. அசல் ஆள் பக்கத்திலதானே இருக்கிறியள், ஒப்பிட."

போட்டேன். முகம் திருத்தும் அளவை உச்சத்தில் வைத்தபோது, தலை நிறைய முடியோடு, தாடை எடுப்பான ஒருவர் வந்தார். மனைவி கனநேரம் பார்த்தாள்.

"இவரை அழிச்சுப் போடாதேங்கோ."

அளவைக் குறைக்கக் குறைக்க முடி கொட்டியது, தாடை தளர்ந்தது, கண்ணுக்குக் கீழே பைகள் தொங்கின. ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியபோது, "ம், வந்திட்டியள்" என்றாள். அதைக் கொப்பியில் குறித்தேன். முகம் திருத்தல் அதற்கு மேல் கூடாது. கீறல் நீக்கம் நெற்றிக்குக் கிட்டப் போகக் கூடாது. ஒரே பாய்ச்சலில் நாலு மடங்கு பெருப்பிக்க வேண்டாம், இரண்டு மடங்கு போதும். ஒரு படத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் அதை மட்டும் தட்டிக்கொட்டக் கூடாது. மூன்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அப்படிச் செய்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வந்த பின்னேரத்தில் அக்காவும் மகளும் என் பின்னால் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சப்பென்றிருந்தது. படங்கள் மணல் மணலாக இருந்தன. தண்ணீர் ஊறிய கறை அப்படியே. பருப்பளவு முகம் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் தெளிந்திருந்தது.

மகள் குனிந்து, விரல் திரையில் படாமல், ஓரிடத்தைக் காட்டினாள். "அம்மா, இதென்ன?"

இடது புருவத்தின் நடுவே ஒரு சிறிய இடைவெளி. எள்ளளவு. படக் காகிதத்தின் பழுது என்று நினைத்தேன். அவளுடைய விரல் அடுத்த படத்துக்குப் போனது. திருநீற்றுக்குக் கீழே, அதே புருவத்தில், அதே இடத்தில் இடைவெளி. கடைசி வரிசைப் புளியங்கொட்டைக்குப் போனது. அங்கும் ஒரு புள்ளி வெளிச்சம், புருவத்தை இரண்டாக முறித்தபடி.

"அது மாடு முட்டினது," என்றா அக்கா. "கலியாணத்துக்கு முந்தி. அதில மயிர் முளைக்காது."

"நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை."

"அதையெல்லாம் என்னெண்டு பிள்ளை சொல்லுறது. புருவமெண்டால் புருவம்தானே."

மூன்று படங்களும் வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு கமராக்கள் எடுத்தவை. பதுங்குகுழி, மழை, முகாம் எல்லாவற்றுக்குள்ளாலும் பொலித்தீனில் வந்தவை. அந்த மாட்டின் ஒரு கணம் மூன்று காகிதங்களிலும் ஒரே இடத்தில் பத்திரமாக இருந்தது. என் முதல் நாள் வேலை அதை மூன்றிலும் ஒழுங்காக நிரப்பி, புருவம் வரைந்து கொடுத்திருந்தது. இமைமயிருக்கு மயிர்க்கூச்செறிந்தவன் நான். இந்த எள்ளளவு வெறுமையை மூன்று படங்களிலும் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மூன்றாவது படத்தில் அப்பா ஏந்தியிருந்த தட்டைப் பார்த்து, "இடக்கையாலயே பிடிச்சிருக்கிறார்?" என்று மட்டும் கேட்டாள். "ஓம், இடக்கைக்காரன்," என்றா அக்கா. அதற்குப் பிறகு இருவரும் வேறொரு கதைக்குள் போய்விட்டார்கள். என் அறையில் நான் அதிகப்படியானேன். தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன்.

கலியாணத்தன்று விடிய, சட்டத்துக்குள் மூன்று படங்களும் மாலையோடு வாசலறையில் இருந்தன. மணப்பெண் கூறைச் சேலையோடு விழுந்து கும்பிட்டாள். எழும்பும்போது வலது பக்கப் படத்தின் கண்ணாடியில் பெருவிரலை ஒரு தரம் வைத்தாள். அது புருவத்தின் மேல் என்று அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டுப் பந்தியில், கனகராயன்குளத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா எனக்குப் பக்கத்தில் இருந்தார். படங்களைச் செய்தது நான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சோற்றைக் குழைத்தபடி ஆறுதலாகச் சொன்னார்.

"படம் பறவாயில்லைத் தம்பி. கொஞ்சம் கிளியர் காணாது. இப்ப உந்த ஏஐ எண்டு ஒண்டு வந்திருக்கெல்லோ, அதில ஒருக்கால் போட்டு எடுத்திருக்கலாமே."