பஸ்ஸில கேட்ட கசெற் பாட்டு

இண்டைக்கு இஞ்ச சுவிஸில, லுசேர்ண் பஸ்ஸில, டிரைவரின்ர ரேடியோவில ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு. பழைய காதலி வந்து கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்கேலாது எண்டு ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சுப் பாடுறான்.

எனக்கு அந்தப் பாட்டுத் தெரியும்.

எண்பத்தாறில, இஞ்ச வந்த புதுசில ஹோட்டல் குசினியில கோப்பை கழுவின காலம், அந்தப் பாட்டுக் கசெற்றுக்கு மேலதான் என்ர குரலைப் பதிஞ்சு, யாழ்ப்பாணத்தில எனக்குப் பேசி வைச்சிருந்த பொம்பிளைக்குக் கடிதமா அனுப்பினனான். நான் கதைச்சு முடிஞ்ச இடத்தில இந்தப் பாட்டு அழியாமல் கிடந்திருக்கு.

அந்தப் பொம்பிளைதான் இப்ப என்ர மனிசி, பக்கத்தில இருக்கிறா. பாட்டு முடியுமட்டும் ஜன்னலையே பார்த்தா.

"இஞ்சருங்கோ, கசெற் வந்தப்ப நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்ல. ஆர் அந்தப் பழைய காதலி?"

"சத்தியமா ஒருத்தரும் இல்லையப்பா. அழிக்க மறந்திட்டன்."

"ஓம். அந்தக் கசெற் இன்னும் என்னட்டை இருக்கு. வீட்டை வாங்கோ, கேப்பம்."

எங்கட தரிப்பில அவ இறங்கிட்டா. நான் இறங்கேல்ல.

இதை பஸ்ஸில இருந்துதான் எழுதுறன். கடைசித் தரிப்புக்குக் கிட்ட, இண்டைக்கு இரவு நான் வந்து தங்க, ஆராவது இருக்கிறியளோ?