காற்று கசியும் சத்தம்

மயூர் விஹார் வீட்டில், அப்பாவின் கட்டிலருகே ஏர் ப்யூரிஃபையர் ‘ஸ்ஸ்’ என்று இரைந்தது.

சின்ன வயதில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், அப்பா தன் விஞ்ஞானத் தொடர்கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் எனக்கும் தம்பிக்கும் வாசிப்பார். விண்கலத்தில் காற்று கசியும் இடம் வந்தால், பல்லிடுக்கில் இதே சத்தத்தை எழுப்புவார். செவ்வாய்க்குப் போகும் அக்காவுக்கும் தம்பிக்கும் எங்கள் பெயர்கள்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ரஜாய்ப் போர்வைக்குள் விண்கலம் ஓட்டினேன்.

கடைசி அத்தியாயத்தில் என்னைச் செவ்வாயிலேயே விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் பூமிக்குக் கொண்டுவந்தார். எனக்காக யாரும் அழுததாகக்கூட எழுதவில்லை.

“என்னை ஏம்ப்பா விட்டீங்க?”

“ஒருத்தருக்குத்தாம்மா காத்து இருந்துச்சு. பையன் வீடு திரும்பணும்ல?”

தம்பி கனடாவில் குடியேறிப் பல வருஷமாகிறது. நான் மெஷினைத் துடைத்துவிட்டு, அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டேன். கண் திறந்தார்.

“தம்பி வந்துட்டானாம்மா?”