மாடி ரூமும் சி ஃபாரமும்

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அசைய மாட்டேன். 1989-ல் மாவட்டம் பிரிந்ததும் வேலூரிலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசுக்கு வந்தேன். முதியோர் பென்ஷன் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். வயதுச் சான்று இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு கிழவி மூன்று தரம் வந்தாள். "எம்மா, என் மூஞ்சியப் பாத்தாலே வயசு தெரியலையா?" என்று கேட்டாள்.

"மூஞ்சிய ஃபைல்ல வெக்க முடியுமா? ரூல்னா ரூல்தான்" என்றேன். அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்து, மத்தியானம் சாப்பிடும்போது எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

வீட்டில் கதை வேறு. செங்கம் ரோட்டை ஒட்டி, ஆசிரமம் பக்கம் எங்கள் வீடு. மாடியில் ஒரு ரூம் கட்டி, தொண்ணூறுகளின் பாதியில் வாடகைக்கு விட ஆரம்பித்தோம். முதலில் வந்தவர் அறுபது வயது ஜெர்மன்காரம்மா. தனியாக வந்தார். மலையைப் பார்த்த ஜன்னல் ஒன்று, தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. தெரு ஜன்னல் கட்டையில் ஒரு மாத்திரை டப்பா வைத்திருப்பார். கிழமைக்கு ஒரு மூடியாக ஏழு மூடிகள். சர்க்கரை வியாதிக்காரர்.

வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும் ஒரு நாளைக்குள் சி ஃபாரம் எழுதிப் போலீசில் கொடுக்க வேண்டும். பெயர், பாஸ்போர்ட் நம்பர், போட்டோ எல்லாம். முதல் வருஷம் ஒழுங்காகக் கொடுத்தேன். மறுநாளே ஒரு கான்ஸ்டபிள் விசாரிக்க வந்தார். ரூமுக்குள் போய், கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஏன் தனியா வந்தீங்க? வீட்டுக்காரர் எங்க? யார் யார் வந்து போறாங்க?" என்று கேட்டார். அதை நான் இங்கிலீஷில் அந்தம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கான்ஸ்டபிள் போனபிறகு அந்தம்மா தன் கதையைச் சொன்னார். அவர் வளர்ந்தது சுவருக்கு அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனி. வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரே ரகசியப் போலீசுக்கு எழுதிக் கொடுத்து, அந்தம்மாவின் அப்பா இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்திருக்கிறார். "அடுத்த தடவை என் பேரை எழுதிக் கொடுக்காதே" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார்.

அடுத்த மார்கழியில் வந்தபோது நான் ஃபாரம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். "ஆபீஸ்ல ரூல் பேசுவ. வீட்டுக்கு வந்தா செருப்போட அதையும் வாசல்ல கழட்டி வெச்சிடுவியா?"

"என் வீட்டுக்கு யார் வந்தா அவங்களுக்கு இன்னாங்க? கவர்மெண்டுக்கு ரோடு போடத் தெரியல, கட்டில்ல வந்து உக்காரத் தெரியுது!" என்று கத்தினேன். நானே அந்த கவர்மெண்டில்தான் சம்பளம் வாங்கினேன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். விடியற்காலை கிரிவலம் போனால் அந்தம்மா ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவார். அன்று ஒன்பதரைக்கு நான் கிளம்பும்வரை வரவில்லை. ஆபீசுக்குப் போனவள் ஃபைலைப் பிரித்தேன், மூடினேன். பக்கத்து மேசைக்காரரிடம் இரண்டு தரம் மணி கேட்டேன். பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். "இன்னும் வரல" என்றார் வீட்டுக்காரர். லீவு எழுதிப் போட்டுவிட்டு ஆட்டோவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் ஸ்டேஷன் ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "வெளிநாட்டு லேடியா? காலையிலயே ஆஸ்பத்திரியிலேர்ந்து தகவல் வந்துடுச்சு மேடம். கிரிவலப் பாதையில மயங்கி விழுந்துட்டாங்களாம். பூக்காரம்மா ஒருத்தவங்க கொண்டுபோய்ச் சேத்திருக்காங்க. கையில பை இல்ல, பேர் இல்ல. நாங்களும் இந்த சீசன் சி ஃபாரம் அத்தனையும் புரட்டிட்டோம். ஆள் மேட்ச் ஆகல. இப்ப ஒரு ஆள லாட்ஜ் லாட்ஜா அனுப்பி விசாரிச்சிட்டிருக்கோம். நீங்க ஃபாரம் குடுத்தீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

"இன்னா மேடம், கலெக்டர் ஆபீஸ்ல இருந்துக்கிட்டு. குடுத்திருந்தா எட்டு மணிக்கே உங்க வீட்டுக் கதவத் தட்டியிருப்போமே."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். போன வருஷ ஃபாரத்தை எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்து அங்கேயே புதுசு எழுதினேன். கார்பன் வைத்து நாலு காப்பி. கை எழுதிக்கொண்டிருந்தது, கால் வாசலைப் பார்த்தே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் சீட்டில் 'பெயர் தெரியாத வெளிநாட்டுப் பெண்' என்று எழுதியிருந்தது. பாதிக் கண் மூடிக் கிடந்தார். டாக்டர் என்னைப் பார்த்ததும், "சுகர் ஏத்த ஏத்த மறுபடி இறங்குது. எந்த மாத்திரை சாப்பிட்டாங்கனு தெரிஞ்சா போதும்மா" என்றார். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, மாடி ஜன்னல் கட்டையிலிருந்த டப்பாவையும், அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையையும் எடுத்துவரச் சொன்னேன். அவர் வரும்வரை அந்த வராந்தாவில் எத்தனை நடை நடந்திருப்பேன்! ஐயோ, எட்டு மணிக்கே கொடுத்திருக்க வேண்டிய டப்பா.

சாயங்காலம் அந்தம்மா கண் திறந்தார். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னபோது அழுதுவிட்டேன். அந்தம்மா முதலில் கேட்டது தண்ணீர். அடுத்து, "போலீசுக்கு எழுதிக் கொடுத்தாயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கொடுத்துட்டேன்" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்வரை நான் கொண்டுபோன ரசம் சாதத்தைச் சாப்பிட்டார். என்னோடு மட்டும் சரியாகப் பேசவில்லை.

பென்ஷன் கேட்டு மூன்று தரம் வந்த அந்தக் கிழவியின் மனுவை மறுவாரமே தேடி எடுத்தேன். வயதுச் சான்று இல்லாதவர்களை அரசு டாக்டரிடம் அனுப்பிச் சான்று வாங்கலாம் என்று ரூலிலேயே இருந்தது. இத்தனை நாள் நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த மார்கழியில் அந்தம்மா வந்தார், ஆனால் என் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி, ஃபாரம் கொடுக்காத ஒரு வீட்டு மாடி. காய்கறிக் கடையில் பார்த்தபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. போலீசில் சொன்னால் அவர் அப்பாவைப் பற்றி எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரனாகிவிடுவேன். சொல்லாவிட்டால் இன்னொரு நாள் பெயரில்லாமல் கிடப்பார். கவர்மெண்ட் எதுவரைக்கும் வரலாம், எந்த இடத்தில் வாசலோடு நிற்க வேண்டும் என்று ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில், தினம் ஆபீஸ் போகும்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவர் ரூமின் தெரு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திறந்திருந்தால் பஸ் பிடிக்கப் போவேன்.

ஒரு புதன்கிழமை ஜன்னல் மூடியிருந்தது. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தம்மா கதவைத் திறந்தார். சும்மா ஜலதோஷம்.

"யார் உன்னை அனுப்பினது?" என்றார்.

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன். தினமும் கீழே நின்னு ஜன்னலப் பாத்துட்டுத்தான் போறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பக்கத்து வீட்டுக்காரரும் தினமும் ஜன்னலைத்தான் பார்ப்பார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுருக்கென்றது. இனி அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கால் கேட்டால்தானே.

ஜன்னல் திறந்திருந்தது. கட்டையில் அந்த மாத்திரை டப்பா, தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும்படி சாய்த்து வைத்திருந்தது. அன்றைக்கான வியாழக்கிழமை மூடி மட்டும் திறந்திருந்தது. உள்ளே காலி. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பஸ் பிடிக்க ஓடினேன்.