உதை எழுது

கார் திருத்துகிற ஆண்களை எனக்குப் பிடிக்காது. அந்த வரிசையில் முதல் ஆள் என் சொந்த அண்ணை.

அண்ணை கனடாவில் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக அங்கே கார் கராச்சில் வேலை. நான் ஊரில், கடலுக்கு இந்தப் பக்கத்துத் திருநெல்வேலியில், தனியே இருக்கிறேன், மயிலிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பஸ்ஸில் போவதென்றால் இரண்டு பஸ் மாறவேண்டும். இரண்டாவது பஸ் தனக்கு விருப்பமான நேரத்தில்தான் வரும். ஆகவே எனக்கு ஒரு பழைய ஜப்பான் கார். ஓடுகிறவள் நான், பெற்றோல் அடிக்கிறவள் நான், கழுவுகிறவளும் நான். வாகனப் பதிவுப் புத்தகம் மட்டும் அண்ணையின் பெயரில் இருந்தது. "ஆம்பிளை பேரிலை கிடந்தால் ஒருத்தரும் ஏமாத்தமாட்டாங்கள்" என்றார் வாங்கிய நாளில். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

போன வருடம் எஞ்சின் போய்விட்டது. மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு கராச்காரர் வேறொரு பழைய எஞ்சினை எடுத்துப் போட்டுத் தந்தார். அதே கம்பனி, கொஞ்சம் பெரிய எஞ்சின். அன்றிலிருந்து கார் கரும்புகை கக்கியது, சந்தியில் நின்றால் அணைந்தது, பெற்றோலைத் தண்ணீராகக் குடித்தது. திரும்பக் கொண்டுபோனேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் என் பின்னால் நின்ற ஓட்டோக்காரரிடம் சொன்னார்: "எஞ்சின் திறமான எஞ்சின். உவ ஓடுற விதந்தான் பிழை."

உவ. முன்னால் நிற்கிறவளை, கேட்டுக்கொண்டு நிற்கிறவளை, யாரோ ஒருத்தியைச் சுட்டுகிற மாதிரி, உவ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தோடு விடவில்லை. காரைத் தானே வாங்கிக்கொள்வதாக என் அண்ணைக்குத் தொலைபேசியும் எடுத்திருக்கிறார். புத்தகம் யார் பெயரில் என்று அவருக்குத் தெரியும். அண்ணை என்னை அழைத்தார்.

"வித்துப்போடுவம் பிள்ளை. ஏன் உனக்குக் கரைச்சல்?"

"நான் சரிப்பண்ணுவன்."

"நீயோ?"

அந்த 'நீயோ'வை நான் இன்னும் மறக்கவில்லை. கடைசியில், பள்ளிக்கூடத் தவணை லீவு முடிவதற்குள் கார் ஒழுங்காக ஓடவேண்டும், இல்லாவிட்டால் கராச்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்ப்பு வந்தது. எனக்கு இருந்தது ஒரு லீவு.

நோய் எதுவென்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போதுமாக இருந்தது. புது எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சுகிற ஊசிகள் பெரியவை. காரின் கணினியோ பழைய சின்ன ஊசிகளின் கணக்கிலேயே அவற்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தேநீர்க் கரண்டியால் சீனி போட்டுப் பழகின கை அகப்பையை எடுத்தால் என்ன நடக்கும், அதுதான். கணினிக்குள் இருக்கும் எண்களை மாற்றவேண்டும். எண்கள் என் தொழில். எதைக்கொண்டு மாற்றுவது என்பதில்தான் சண்டை.

முதலில் எனக்கு ஆசை வந்தது, பழைய கணினியையே கழற்றி எறிந்துவிட்டு நாமே ஈயம் வைத்து ஒட்டுகிற மின்சுற்றுப் பலகை ஒன்றைப் பூட்டுவதில். மென்பொருள் இலவசம், எல்லாவற்றையும் விருப்பப்படி மாற்றலாம். ஆனால் காரின் வயர் முழுவதையும் பிரித்துக் கட்டவேண்டும். ஒரு லீவில் முடிகிற வேலை அல்ல. என் ஆசைக்கு நானே ஒரு குட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

அடுத்தது அண்ணை சொன்னது: காரையும் மடிக்கணினியையும் இணைக்க ஒன்லைனில் விற்கிற போலி வயர், அதோடு வருகிற திருட்டு மென்பொருள். விற்கிறவன் தந்த குறிப்பின் முதல் வரியே, வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் பதியுங்கள் என்பது. வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால்தான் விருந்தாளி வருவார் என்கிற மாதிரி.

"எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. நாங்கள் இஞ்சை இதுதான் பாவிக்கிறம்."

"என்ரை கணினிப் பெட்டியின்ரை நம்பர் அதின்ரை பட்டியலிலை இருக்கோ?"

"எல்லாத்துக்கும் வேலை செய்யும்."

எல்லாவற்றுக்கும் வேலை செய்யும் என்கிற ஆளையும் பொருளையும் நான் நம்புவதில்லை. காரின் முன் சீட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து, கால்கள் வெளியே தொங்க, கணினிப் பெட்டியின் ஒட்டுத்தாளைப் படித்து எழுதினேன். அந்த நம்பரைத் தன் பட்டியலில் வைத்திருந்த மென்பொருள் ஒன்றே ஒன்று. அசல் உரிமம், அசல் வயர். புதிய எண்களைப் பெட்டிக்குள் எழுதும்போது பாதியில் நின்றாலும் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து மீட்கலாம் என்று போட்டிருந்தது. நான் அதை எடுப்பதென்று முடிவு செய்தது அந்த ஒரு வரிக்காகத்தான். பயந்த சுபாவம் என்று அண்ணை சிரித்தார். புகைக்குழாயில் பூட்டி, காற்றும் பெற்றோலும் எந்த அளவில் எரிகின்றன என்று காட்டுகிற சென்சரும் வேண்டும் என்றேன்.

"புகையை மணந்து பாத்தாலே தெரியும். காசைக் கரியாக்கிறாய்."

"உங்கடை மூக்கைப் பார்சலிலை அனுப்புங்கோ அப்ப."

அசல் சாமான் வந்து சேர்வதற்குள் லீவில் பாதி போய்விட்டது. இதற்கிடையில் அண்ணை கேட்காமலே தன்பாட்டில் கணினிக்கான எண்கள் அடங்கிய ஒரு கோப்பு அனுப்பினார். இதே மாதிரி எஞ்சினுக்கு யாரோ செய்துவைத்ததாம், அப்படியே போட்டால் காணுமாம். நான் நன்றி சொல்லவில்லை. அதை மடிக்கணினியில் ஒரு மூலையில் போட்டேன். காரிலிருந்து பழைய கோப்பை வாசித்து எடுத்து மூன்று இடத்தில் சேமித்தேன். அதன் பிரதி ஒன்றில் ஊசிக் கணக்கை மட்டும் மாற்றினேன். மாற்றின பக்கத்தைப் படம் பிடித்து அண்ணைக்கும் அனுப்பினேன். பிழை பிடிக்கட்டும் பார்ப்போம் என்ற வீம்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கார் போட்டிக்கோவில். பற்றரி இறங்காமல் இருக்கச் சார்ஜர் கொழுவியிருந்தேன். அண்ணை தொலைபேசியில். தானும் இருக்கவேண்டும் என்று பிடிவாதம்.

"என்ரையையும் உங்கடையையும் திறந்து வைச்சிருக்கிறன்" என்றேன். "நீங்கள் அனுப்பினது அளவிலை கொஞ்சம் பெரிசாக் கிடக்கு."

அண்ணை சொன்னார்:

"சரி. உதை எழுது."

வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்லவேண்டும். 'உதை' என்றதும் காலைத் தூக்கிவிடாதீர்கள். எங்களுக்கு இதுவும் அதுவும் போக நடுவில் உது என்று ஒன்று உண்டு. பேசுகிறவனுக்கு எட்டாமல் கேட்கிறவனின் கையில் இருப்பது உது. கேட்கிறவன் சற்று முன் எதைப் பற்றிச் சொன்னானோ அதுவும் உதுதான். நான் சற்று முன் சொன்னது அண்ணையின் கோப்பைப் பற்றி. ஆகவே அண்ணையின் கோப்பை எழுதினேன். அளவு பொருந்தவில்லை, தொடரவா என்று மென்பொருள் கேட்டது. அண்ணையே சொன்ன பிறகு பழி அவருக்குத்தான் என்று தொடரச் சொன்னேன்.

பாதியில் நின்றது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் விளக்குக்கூட எரியவில்லை. பெற்றோல் பம்பின் முனகல் இல்லை. கார் செத்துப் போயிருந்தது.

"என்ன செய்தனி?"

"நீங்கள் சொன்னதைத்தான். உங்கடையை எழுதினனான்."

"நான் உன்ரையையெல்லோ எழுதச் சொன்னனான்."

அப்போது என் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் குறைக்காமல் எழுதுகிறேன். "உது எது எண்டு தெரியாத ஆள் எனக்குக் கார் படிப்பிக்க வந்திட்டியள். அங்கை போய் இங்கிலிசு கதைச்சுக் கதைச்சுத் தமிழும் மறந்துபோச்சு. ஊரும் இல்லை, பாஷையும் இல்லை, கார்ப் புத்தகம் மட்டும் உங்கடை பேரிலை."

அண்ணை கத்துவார் என்று பார்த்தேன். கத்தினால் திருப்பிக் கொடுக்க என்னிடம் இன்னும் இருந்தது. அவர் கத்தவில்லை.

"சரி பிள்ளை" என்றார். வைத்துவிட்டார்.

அன்று முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை. கோபத்தோடேயே பெட்டியைக் கழற்றினேன், சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன், வழிகாட்டியில் இருந்தபடி வயர்களைக் கொழுவினேன். மறுநாள் மத்தியானம் பழைய கோப்பு உள்ளே போய்விட்டது. அதன் மேல் என்னுடையதை எழுதினேன். பெட்டியைத் திரும்பப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. நான்கைந்து நாள் சென்சரைப் பார்த்துப் பார்த்து எண்களைத் தட்டிக் கொட்டினேன். பிறகு, லீவு முடிவதற்கு முன்பே, மயிலிட்டி வரைக்கும் போய்வந்தேன். எந்தச் சந்தியிலும் அணையவில்லை. புகை இல்லை. வருகிற வழியில் வேண்டுமென்றே மருதனார்மடத்தைச் சுற்றி வந்து, கராச் வாசலில் ஹோன் அடித்தேன். அது தேவையில்லாத வேலை. ஆனாலும் நல்லாக இருந்தது.

கார் ஓடுகிற காணொளியை அண்ணைக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் மட்டும் விழுந்தது. சில வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. வாகனத்தை என் பெயருக்கு மாற்றுகிற படிவம், அண்ணையின் கையெழுத்தோடு. ஒரு துண்டுக் கடிதமும் இல்லை.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் காலைப்பொழுதில் அண்ணைக்கு எது 'உது'? தான் அனுப்பியதை அவர் 'நான் அனுப்பினது' என்றிருப்பார். என் கையில், நான் செய்து, நான் படம் பிடித்து அனுப்பியது, அதுதான் உது. அண்ணை சரியான தமிழில்தான் சொல்லியிருக்கிறார். என்னுடையது நல்லது, அதையே எழுது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறார். அண்ணை அப்படிச் சொல்லக்கூடும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

தொலைபேசி எடுத்தேன். அண்ணை ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். பக்கத்தில் வெள்ளைக்காரர் யாரும் நிற்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மிகவும் மரியாதையாக. காரைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். 'பிள்ளை' என்ற சொல்லுக்கு அங்கே இடமே வரவில்லை.

"அண்ணை, தமிழிலை கதையுங்கோ" என்றேன்.

எனக்குத் தமிழ் மறந்துபோச்சு, நீதானே சொன்னாய் என்றார், அதையும் ஆங்கிலத்தில். இன்றுவரைக்கும் அப்படித்தான் கதைக்கிறார்.