கத்தரி என்று எழுதியவள்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு. மாதச் சோதனையில், தேயிலைக் கொழுந்தை எப்படிப் பறிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி. ‘பெண்கள் விரலால் கிள்ளிக் கூடையில் போடுகிறார்கள்’ என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன். சரி போட்டார்கள். பக்கத்தில் இருந்த என் தோழி ‘கத்தரியால் வெட்டுகிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு அந்தக் கேள்விக்கு மதிப்பெண் சுழி.

அவள் அழுதாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. வகுப்பில் நான்தான் முதல்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, எங்கள் லயத்து வீட்டு வாசலில், கொழுந்து வெட்டும் தன் பெரிய கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விடைத்தாளைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

“கிள்ளுறாங்களா? எங்க?”

“இங்கதாம்மா. புத்தகத்துல போட்டிருக்கு.”

“லீவு நாள்ல எங்கூட மலைக்கு வர்றியே, நான் கிள்ளுறதயா பாத்த?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காய்த்துப்போன உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “அப்ப நான் தெனம் செய்யிறத நீ பாக்கவே இல்லலா.”

கத்தரிச் சத்தம் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனாலும் பேனாவை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். தோழி மூடவில்லை, அவ்வளவுதான். பின்னாளில் நானே ஆசிரியையாகி, “நீ பாத்தியா? எப்படித் தெரியும்?” என்று பிள்ளைகளை நச்சரித்ததெல்லாம் அன்று பிடித்த வியாதி.

மறுநாள் வாத்தியார் முன்னால் போய் நின்றேன். மலையடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி மேலே வந்தவர்.

“சார், என் விடை தப்பு. அவ எழுதினதுதான் சரி.”

“புத்தகத்துல தப்பா போடுவாங்களா?”

“வேற ஊருல கிள்ளுவாங்களோ என்னமோ சார். இங்க வெட்டுறாங்க. வந்து பாருங்க.”

பிரம்பு வரும் என்று நினைத்தேன். அவர்தான் வந்தார். பளபளக்கும் சப்பாத்துக் காலோடு சறுக்கிச் சறுக்கி அன்று மத்தியானமே மலையேறினார். அம்மா கத்தரியை நீட்டினாள். கொழுந்தோடு குச்சியையும் சேர்த்து வெட்டிவைத்தார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

அடுத்த நாள் தோழியின் தாளை வாங்கி, சுழியை அடித்து முழு மதிப்பெண் போட்டார். என் தாளைத் திருப்பித் தந்தார்.

“ஒன்னோடது இருக்கட்டும். புத்தகத்த நம்பித்தானே எழுதின.”

“வேணாம் சார். நான் பாத்தத எழுதல.”

தாளைத் திரும்ப வாங்கி, சரியை அடித்துச் சுழி போட்டார். முதலிடம் தோழிக்குப் போனது. வலிக்கத்தான் செய்தது.

பள்ளி விட்டதும் மலைக்கு ஓடி, அந்தச் சுழியை அம்மாவிடம் விரித்துக் காட்டினேன். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.