கண்ணாடி அறையில் மாவுப்பூச்சி

என் கணவர் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் இலை துடைத்தார். பெரிய அலுவலகக் கட்டடங்களில், ஏசி ஓடும் வரவேற்பறைகளில் வைத்திருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைத்து, பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஊரில் யாராவது கேட்டால் "கார்டன் கம்பெனியில சூப்பர்வைசர்" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. "எலை தொடைக்கிறேன்" என்பார்.

இலுப்பூருக்குத் திரும்பி வந்ததும் வீட்டின் முன்பக்கத்தைக் கண்ணாடி போட்டு அடைத்து ஒரு அறையாக்கினார். அதில் இருபது, முப்பது தொட்டி வைத்தார். புதிதாக ஒரு செடி வந்தால் அதை மற்றவற்றோடு சேர்க்க மாட்டார். பின்கட்டில் தனியாக இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்து வருவார். அது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போய் வருகிறவள். அவர் வேலை அவருக்கு, என் வேலை எனக்கு என்று இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை விராலிமலை பக்கம் ஹைவே ஓரத்தில் இருக்கும் நர்சரிக்குப் பைக்கில் போனார். திரும்பும்போது ஒரு மினி வேன் இடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவருடைய ஹெல்மெட்டையும் செல்போனையும் ஒரு போலீஸ்காரர் என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை. அதில் மஞ்சள் புள்ளி போட்ட குரோட்டன்ஸ் செடி ஒன்று சின்ன பிளாஸ்டிக் தொட்டியோடு இருந்தது. ஒரு கிளைகூட முறியவில்லை.

அந்தச் செடியை யார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று எனக்கு நினைவில்லை. நானாகத்தான் இருக்கும். கண்ணாடி அறையில், மற்ற தொட்டிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தோம். செடிகளுக்குப் பக்கத்து வீட்டு அம்மா தண்ணீர் ஊற்றினார். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய். சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு குழாய். கண் திறந்திருக்கும். கூப்பிட்டால் சில சமயம் பார்ப்பார், சில சமயம் பார்க்க மாட்டார். கட்டில் நுழைகிற அகலம் கண்ணாடி அறைக் கதவுக்குத்தான் இருந்தது. அதனால் செடிகளுக்கு நடுவில் அவரைப் போட்டோம்.

நான் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காலையில் சளி உறிஞ்சும் மெஷின், பிறகு கஞ்சி, பிறகு புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். யாராவது வந்து அழுதால் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உடம்பு முழுக்க.

பூச்சியை முதலில் பார்த்தது அவர் தங்கைதான். கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் மாதம் ஒருமுறை வருவாள். அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தவள், சட்டென்று எழுந்து மணி பிளாண்ட் இலையைத் திருப்பினாள்.

"அண்ணி, இங்கிட்டு வாங்க. இது என்னது, பஞ்சு மாதிரி அப்பியிருக்கு?"

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. தரையில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. தினமும் அந்தத் தொட்டிகளைத் தாண்டித்தான் நடக்கிறேன். ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

"எல்லாத்தையும் தூக்கி வெளிய போடுங்க அண்ணி. அண்ணன் மேல ஏறிறப் போகுது."

"சரி, போடுறேன்" என்றேன். அவள் பஸ் ஏறிய பிறகு முதல் தொட்டியைத் தூக்கினேன். அவர் கண் கூடவே வந்தது. வாசல் வரைக்கும் வந்தது. நான் தொட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பாசம் என்று சொல்ல முடியாது. அந்தக் கண்ணுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவை அவரிடம் உட்கார வைத்துவிட்டு, ஒரு இலையைக் கவரில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"அக்கா, இது மாவுப்பூச்சி. எத்தனை ஏக்கரு?"

"ஏக்கர் இல்லங்க. வீட்டுக்குள்ள, தொட்டிச் செடி."

"வீட்டுக்குள்ளயா? ஆளு பொழங்குற எடமா?"

"எங்க வீட்டுக்காரர் படுத்திருக்காரு. தொண்டையில குழாய் வச்சிருக்கு."

அலமாரி பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அப்ப எங்கிட்ட இருக்க எந்த மருந்தையும் நீங்க வாங்காதீங்க. இதெல்லாம் வெட்டவெளில, மூக்குல துணி கட்டிக்கிட்டு அடிக்கிறது. கையால தொடைங்க. நேரமாகும், ஆனா போகும். ஒரு வாட்டியோட விட்றாதீங்க. முட்டை பொரிஞ்சு பொரிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும்."

வேப்பெண்ணெய் மட்டும் கொடுத்தார். சோப்புத் தண்ணீரில் சில சொட்டு கலந்து அறைக்குள் ஒரே ஒருமுறை தெளித்தேன். அந்த வாடைக்கே அவருக்கு இருமல் வந்து முகம் சிவந்து, மெஷினை மூன்று முறை ஓட்ட வேண்டியதாகிவிட்டது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு கைதான். ஒரு நாளைக்கு நாலு தொட்டி. பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அவருக்குப் புண் துடைக்க வாங்கிய ஸ்பிரிட்டும் பஞ்சும் இருந்தன. குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்து வெள்ளை மேல் வைத்தால் அது பழுப்பாகி உதிரும். முதலில் ஒரு இலையில் வைத்துப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்றால்தான் மற்ற இலை. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கம் கழுவி, நிழலில் உலரவிட்டு, மறுபடி உள்ளே. எறும்பு ஏறாமல் இருக்க தொட்டிகள் இருந்த ஸ்டூல்களின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தேன்.

வாரம் ஒரு சுற்று முடியும். அடுத்த சுற்று தொடங்கும்போது முதல் தொட்டியில் மறுபடி வெள்ளை இருக்கும். நான் சலித்துக்கொள்ளவில்லை. சலிப்பதற்கும் ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். கை அது பாட்டுக்குத் துடைத்தது.

இப்படி மூன்று மாதம் போனது. ஒருநாள் காலை அந்த மஞ்சள் புள்ளி குரோட்டன்ஸைக் கழுவி எடுத்து வந்தேன். வழக்கமான இடம் ஈரமாக இருந்ததால் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். துணி எடுக்கத் திரும்பும்போது போர்வை அசைந்தது. இடது கை ஆள்காட்டி விரல் மேலே வந்திருந்தது.

"என்னங்க? அரிக்குதா?"

விரல் இறங்கவில்லை.

"தண்ணி வேணுமா? திரும்பிப் படுக்கணுமா?"

விரல் நடுங்கியது. கண் என்மேல் இல்லை, செடிமேல் இருந்தது. இலையைக் காட்டினேன். கண்ணை மூடித் திறந்து விரலைக் கீழே ஆட்டினார். தண்டைத் தொட்டேன். இன்னும் கீழே. மண்ணைத் தொட்டேன். இன்னும் கீழே. குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தேன். தண்ணீர் வடிகிற ஓட்டையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதற்குள்ளிருந்து எறும்பு ஒன்று வெளியே வந்தது.

பின்கட்டில் தொட்டியைக் கவிழ்த்தேன். மண்ணோடு வேர்க்கட்டு அப்படியே வந்தது. வேர் முழுக்க அரிசிமாவு தூவியது போல் இருந்தது. நான் மூன்று மாதமாக மேலே துடைத்துக்கொண்டிருந்தேன், அது கீழே குடியிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

உள்ளே போய் வேரைக் காட்டினேன். பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். அது ஆமாம் என்பதா, களைப்பா, தெரியவில்லை.

நாத்தனாருக்குப் போன் செய்து, "ஒங்க அண்ணன் இன்னைக்கு வெரலை நீட்டிக் காட்டுனாரு" என்றேன். அவள் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். சத்தம் போட்டு அழுதாள். "அண்ணி, நீங்க பேசுங்க அண்ணி, எதாச்சும் சொல்லுங்க" என்றாள். "செடிக்கு மண்ணு மாத்தணும், நாளைக்குப் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். ஐந்தாறு மாதம் கழித்துக் கணவர் என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறார், எனக்கு நெஞ்சில் ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு அதுதான் பயமாக இருந்தது. பயம் என்று ஒன்றாவது இருந்ததே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

எல்லாத் தொட்டியையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்பது செடியின் வேரில் இருந்தது. அந்தக் குரோட்டன்ஸையும் சேர்த்து ஐந்தைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தது. மண்ணோடு பையில் இறுகக் கட்டிப் போட்டேன். மீதியின் வேரைக் குழாயில் கழுவி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, புது மண்ணில் வைத்தேன். வைக்கும் முன் ஒவ்வொன்றையும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். விரல் எழுந்தால் மறுபடி கழுவினேன். எழாவிட்டால் நட்டேன்.

அடுத்த வருடம் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். பல நாள் காற்று மட்டும் வந்தது. பிறகு ஒருநாள் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல்.

"ஜாஸ்தி."

திரும்பினேன்.

"தண்ணி... ஜாஸ்தி."

"சரிங்க" என்றேன். தண்ணீர் மக்கைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்போது வரும் என்று காத்து நின்றேன். வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கஞ்சி ஆற்றினேன்.

ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். இப்போது என் கணவர் சக்கர நாற்காலியில் உட்கார்கிறார். இடது கையால் இலை துடைக்கிறார். மெதுவாக, ஒரு இலைக்கு ஐந்து நிமிடம். சில இலை கையோடு பிய்ந்து வந்துவிடும். அதை மடியில் வைத்துக்கொண்டு, நான் வந்ததும் நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். பூச்சி அடியோடு போகவில்லை. மழைக்காலத்தில் குறைகிறது, சித்திரை வெயிலில் கூடுகிறது.

போன வாரம் ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஏன் அழுவுறீங்க?" என்றாள். தொட்டுப் பார்த்தேன். கன்னம் ஈரமாக இருந்தது. காரணம் எதுவும் அந்த நேரத்தில் என் மனதில் இல்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.